கல்லுக்குப் பதிலாகக் கூரையில் உட்கார்ந்தோம்

புதிதாகக் கூரை வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களே, தகரத்தை எப்படி மேலே ஏற்றுவது, எந்த மடிப்பில் ஆணி அடிப்பது, ஒரு தகரத்தின்மேல் இன்னொன்று எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராவிட்டால் முதல் மழை சொல்லித் தரும். என் முட்டிகள் இரண்டும் ஏணியோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டன. வாய் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் எங்கள் மேஸ்திரி. இன்னொருவர் அஞ்சலை என்று ஒரு லைன் வீட்டுக்காரம்மா.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். மாரிகுப்பத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே பௌரிங்பேட்டையிலிருந்து மாட்டு வண்டியின் பின்னால் நடந்து இந்தத் தங்க வயலுக்கு வந்தவன். ராபர்ட்சன்பேட்டை என்ற பேச்சே அப்போது கிடையாது. ஊரில் பனையோலையும் கரும்புத் தோகையும் வேய்ந்து நல்ல பெயர் எடுத்திருந்தேன். என் தம்பி ஏழுமலை சுரங்கத்துக்குள் போனான். எனக்கு இருட்டென்றால் ஆகாது. அதனால் கூரைமேல் ஏறிக்கொண்டேன். அந்த நாளில் கூலிக்காரர் வீடென்றால் மூங்கில் தட்டிச் சுவர், மேலே புல். 'இதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது' என்ற தலைக்கனத்தோடுதான் முதல் நாள் வேலைக்குப் போனேன்.

மேஸ்திரி என்னைவிட வயதில் சின்னவர். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மாதா கோயில்காரர், ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் மேஸ்திரி என்ற பேர் அதை மூடிவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேஸ்திரி என்பேன். நான் ஏணியில் கால் வைத்ததும் அவர் ஏணியைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள யாரு கீறாங்கன்னு கேட்டியா ணா?"

"உள்ள யாரு இருந்தா இன்னா மேஸ்திரி? நான் மேலதானே போறேன்?"

"கேட்டுட்டு ஏறு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். ஒரு பெண் வெளியே வந்து உதட்டில் விரலை வைத்தாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த மனிதர் கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் படுத்திருக்கிறார். "நீங்க மேல தட்டுனா அவரு தூங்க மாட்டாரு. தூங்காம கீழ எறங்குனா கை நிக்குமா?" என்று கேட்டாள். நான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு லைனின் மறுகோடிக்குப் போனேன். மேஸ்திரி சிரித்திருந்தால்கூட எனக்குக் கோபம் வந்து ஊருக்குத் திரும்பியிருப்பேன். சிரிக்காமல் விட்டதற்கு இன்றும் நன்றியாக இருக்கிறேன்.

ஊரில் ஆண்கள் கழனிக்குப் போன நேரத்தில் கூரை வேயலாம். இங்கே எந்த நேரமும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் தூங்குகிறார். அதனால் எங்கள் கூட்டத்துக்கு வெயிலைப் பார்த்து வேலை கிடையாது. எந்த வீட்டில் என்ன ஷிப்ட் என்று பார்த்துத்தான் வேலை. யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார் என்பதெல்லாம் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மேலே போவோம். ஊர்வம்பு பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததே, அது இப்படி வந்ததுதான். நீங்களும் அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் தகரத்தின் அடியிலேயே ஊர்ந்துபோய் எங்கேயோ சொட்டும். ஒரு வீட்டில் மாமியார் படுக்கையில் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். மருமகள்தான் மேலே ஏறி ஓட்டை போட்டாள் என்று மாமியாருக்குச் சந்தேகம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பூசணிக்கொடியைக் கட்ட அடித்த ஆணி அது. கொடியை வெட்டாமல் ஆணியை மட்டும் பிடுங்கி அடைத்தேன். வெயில் நாளில் அந்தக் கொடி நிழலில்தான் அந்த வீட்டுக் குழந்தைகள் பிழைத்துக் கிடந்தன. யாரையும் குற்றம் சொல்லாமல் ஓட்டையை அடைக்கிறவன்தான் லைனில் காலம் தள்ள முடியும்.

சரி, தகரம் வந்த கதைக்கு வருகிறேன்.

புல் கூரையில் ஒரு பொறி பட்டால் ஒரு வரிசையே சாம்பலாகிவிடும். அதனால் கம்பெனிக்காரர்கள் புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போடச் சொன்னார்கள். லைன் என்றால் ஒரே நீளக் கூரை. உள்ளே தடுப்பு வைத்துப் பல வீடுகள். ஜனங்களுக்குத் தகரம் பிடிக்கவில்லை. வெயிலில் அடுப்பு, மழையில் தப்பட்டை என்று திட்டினார்கள். அதையும் பழகிக்கொண்டார்கள். காற்றைத்தான் பழகிக்கொள்ள முடியவில்லை. முதல் ஆடியிலேயே ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து, தங்கக் கல் அரைக்கும் மில்லுக்குப் பின்னால் கொட்டியிருந்த வெள்ளை மண் திட்டில் போய்க் குத்தி நின்றது. அது அஞ்சலை வீட்டுத் தகரம். உள்ளே மூத்த பையன் ஜுரத்தில் கிடந்தான். அந்த மழை முழுக்க அவன்மேல் கொட்டியது. பையன் அந்த ஜுரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கல் வைக்கும் வழக்கம் வந்தது. சுரங்கத்திலிருந்து மேலே வந்து குவிந்த கழிவுக் கற்களில் நல்ல கனமானதாகப் பார்த்துத் தூக்கிவந்து கூரையில் வைத்தார்கள். வைத்ததோடு நின்றார்களா? நம் ஜனங்கள் எதையாவது ஒரு நாள் வைத்தால் மறுநாள் அதற்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஒரு கல் தூக்கிக் கொடுப்பது சடங்காகிவிட்டது. காவல் கல் என்று பெயர். இந்து வீட்டுக் கல்லில் மஞ்சளும் குங்குமமும். மாதா கோயில் வீட்டுக் கல்லில் சுண்ணாம்பால் சிலுவை. எங்கள் மேஸ்திரி வீட்டுக் கூரையிலும் சிலுவை போட்ட கல் ஒன்று இருந்தது. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. காற்று அடியிலிருந்து தூக்குகிறது, கல் மேலிருந்து அழுத்துகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் சுரங்கம் ஆழமாகப் போகப் போக, இந்த ஊருக்கு இன்னொரு பழக்கம் வந்தது. ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். மேலே நிலம் உறுமி ஒரு உதறு உதறும். தட்டுமுட்டுச் சாமான் உருளும். உதறியதும் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வாசலைத் தாண்டி, ஆட்களைக் கேஜ் என்ற கூண்டில் ஏற்றி இறக்கும் சுரங்க வாயான சாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். கீழே யார் வீட்டு ஆளோ என்ற பயம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை; அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். அது இந்த ஊரின் வழக்கம்.

ஒரு ஆடி மாதக் காலையில் அப்படிச் சின்னதாக ஓர் உதறல் வந்தது. நாங்கள் அஞ்சலை இருந்த வரிசையில் ஆணி முடுக்கிக்கொண்டிருந்தோம். அஞ்சலை வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி, ஒரு காவல் கல் மெல்ல அசைந்து, தகரச் சரிவில் கடகடவென்று உருண்டு, வாசற்படியில் வைத்திருந்த தண்ணீர்ப் பானைமேல் விழுந்தது. பானை தூளாகிவிட்டது. அந்த வீட்டுக்காரி பிள்ளையின் சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளேயே நின்றதால் தப்பித்தாள். கண் திருஷ்டி கழிந்தது என்று எல்லாரும் பானை ஓடுகளைப் பொறுக்கப் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் நகரவில்லை.

"அந்தக் கல்லு எங்க வுழுந்துச்சி பாத்தியா ணா?"

"வாசப்படியில."

"ஒதறல் வந்தா பொம்பளைங்க எங்க வருவாங்க?"

வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வாசலுக்கும் நேர் மேலே ஒரு கல். காற்றுக்குப் பயந்து வைத்த கல், பூமி உதறும்போது சரியாக ஜனங்கள் ஓடி வருகிற வழியில் வந்து விழும். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கவும் முடியாது.

"இன்னிக்கே எல்லாக் கல்லையும் எறக்கணும்" என்றார் மேஸ்திரி.

சொல்வது சுலபம். ஆடி மாதம். மேற்கே இருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஆணியை நம்ப முடியாது. உதறலில் ஆணி ஆடி ஆடித் துளை பெரிதாகிவிடும். கல்லை எடுத்தால் காற்றுக்கு யார் பதில் சொல்வது? பானை உடைந்த வீட்டுக்காரியே கல்லைத் திரும்பத் தூக்கி வைக்கச் சொன்னாள். அஞ்சலை தன் வாசலில் ஏணிக்குக் குறுக்கே வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் புருஷன் முனுசாமி பகல் ஷிப்டில் கீழே இருந்தான். அவனும் என் தம்பி ஏழுமலையும் ஒரே லெவலில், அதாவது ஒரே ஆழத்தில் வேலை.

"கல்லு மேல கை வச்சீங்கன்னா நடக்கறதே வேற. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். எம் புள்ள போனது உங்களுக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் ஒருவன், "தொரை உத்தரவு, வழிய வுடு" என்று சொல்ல வாயெடுத்தான். மேஸ்திரி அவனைக் கையமர்த்தினார். உத்தரவு எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்திருந்தாலும் அந்த வாசலில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

"பூமி ஒதறுனா நீ எப்படி ஓடுவ மா? ஒரு தபா செஞ்சி காட்டு."

அஞ்சலை முறைத்துக்கொண்டே உள்ளே போய், பிள்ளையோடு படி தாண்டி வெளியே வந்தாள். மேஸ்திரி அவளை அந்தப் படியிலேயே நிற்கச் சொல்லி மேலே கையைக் காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் பூசிய கல் நேர் தலைக்கு மேலே இருந்தது. அவள் பிள்ளையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அப்ப காத்து வந்தா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"சாஃப்டுல கேஜ் இழுத்துத் தேஞ்சிபோன கம்பி வடத்த வெட்டிப் போட்டு வச்சிருக்காங்க. அத்தப் புரிபுரியாப் பிரிச்சிக் கூரை மேல போட்டு, ரெண்டு பக்கமும் முளை அடிச்சி இழுத்துக் கட்டிட்டா காத்துலயும் தூக்காது, ஒதறுனாலும் வுழாது. நான் போய்க் கேட்டு வாங்கினு வரேன்."

"நீ வர்ற வரைக்கும்?"

மேஸ்திரி எங்களைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியவில்லை. "கல்லுக்குப் பதிலா நாங்க குந்திக்கினு கீறோம்" என்றேன்.

அப்படித்தான் கற்கள் இறங்கின, மேஸ்திரி வடம் வாங்கப் போனார். ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டுக்காரர் கையிலேயே பயபக்தியோடு கொடுத்தோம். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கோணியை மடித்துப் போட்டு, முகட்டில் குதிரைமேல் உட்காருவதுபோல் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு, ஆளுக்கு இரண்டு வீடு என்று உட்கார்ந்தோம். நான் அஞ்சலை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில். கோணி இருந்தும் பின்புறம் வெந்தது. கீழே பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"வெள்ளிக்கெழம ஆனா கல்லுக்கு மஞ்சா வப்பேன். உனுக்கு இன்னா ணா வைக்கறது?" என்று கேட்டாள் அஞ்சலை.

"கூழ் வையி, போதும்."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே ஆடிக் கூழை ஒரு செம்பில் ஊற்றி, வெங்காயத்தோடு ஏணி வழியாக மேலே அனுப்பினாள். பசி நேரத்தில் அந்தக் கூழ் எப்படி இருந்தது தெரியுமா? காற்று வீசும்போதெல்லாம் தொடைக்கு அடியில் தகரம் தூக்கித் தூக்கி அடித்தது. சாஃப்டின் மேலிருந்த பெரிய சக்கரம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அது சுற்றினால் கேஜ் மேலே வருகிறது, இல்லை கீழே போகிறது. நின்றால் நின்றது. அவ்வளவுதான் தெரியும், யார் ஏறுகிறார் யார் இறங்குகிறார் என்பது தெரியாது.

செம்பை இறக்கி வைக்கக் குனிந்தபோதுதான் தகரம் கிடுகிடுத்தது. முதலில் ஆணிகள் பல் கிட்டினதுபோல் அடித்துக்கொண்டன. பிறகுதான் சத்தம் வந்தது, நிலத்துக்கு அடியிலிருந்து. காலையில் வந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முகட்டுக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே கதவுகள் திறந்தன. அஞ்சலை பிள்ளையோடு படியைத் தாண்டி ஓடினாள். எனக்கு நேர் கீழே, கல் இருந்த இடத்துக்கு நேர் கீழே, அவள் உச்சி வகிடு தெரிந்தது. அந்தப் படியில் எதுவும் விழவில்லை. நான் முருகா என்றேன்.

லைன் மொத்தமும் சாஃப்டைப் பார்த்து ஓடியது. சுரங்கத்துச் சங்கு விட்டு விட்டு ஊதியது. அப்போதுதான் எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்தது. என் ஒரு கால் தானாகவே ஏணியைத் தேடியது. எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு மச்சான் கீழே, ஒருவனுக்கு அப்பா. எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள். ஓட வேண்டும், இந்த ஊரில் ஓடாமல் இருந்தவன் மனிதனே இல்லை. நான் காலைத் தூக்கிய அந்தக் கணத்தில் காற்று வந்தது. உதறலில் ஆணி கழன்ற தகரம் வாயைத் திறந்ததுபோல் எழும்பியது. அதற்குக் கீழே சந்து முழுக்கப் பெண்களும் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எழும்பிய தகரத்தின் விளிம்பு எப்படி வெட்டும் என்பது நமக்குத் தெரியும்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். இன்னொன்றும் மனதில் ஓடியது. ஏறுவதற்கு முன் நான் கேட்டிருந்தேன். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, எழுந்து நிற்கக்கூட முடியாதவள். அதற்கு அடுத்த வீட்டில் நெஞ்சு நோவுக்காரர் ஒருவர். அவர்களால் ஓட முடியாது. கேட்காமல் ஏறியிருந்தால் வீடு காலியென்று நினைத்து நான் இறங்கி ஓடியிருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

"யாரும் எறங்காதீங்க, உள்ள ஆளு கீது" என்று கத்தினேன். "எங்க அப்பா கீழ கீறாரு" என்றான் ஒருவன். "என் தம்பியும்தான், குந்துடா" என்றேன். குந்தினான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே குந்தினான். சாஃப்டுச் சக்கரம் நின்றது நின்றபடி இருந்தது. அந்தச் சக்கரத்தைப் பார்த்த மாதிரி நான் எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. கீழே பச்சைக் குழந்தை அழுதது. நான் மேலிருந்து, "ஒண்ணும் இல்ல மா, நாங்க மேலதான் கீறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தைரியம் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை.

பிறகு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நின்றது. மறுபடி சுற்றியது. ஆட்களை மேலே கொண்டுவருகிறார்கள். யாரை என்று கூரைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் சொல்வார்கள்? ஓடியவர்கள் யாரும் சாஃப்டை விட்டு நகர மாட்டார்கள். தன் ஆள் வருகிறவரைக்கும் அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது.

அந்தக் காலிச் சந்தில் ஒருத்தி மட்டும் எதிர்த் திசையில் ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து, பிள்ளை இடுப்பில் அலறிக்கொண்டிருக்க, அஞ்சலை. என் கூரைக்குக் கீழே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ணா, உன் தம்பி மேல வந்துட்டாரு. நான் கண்ணால பாத்தேன். நெத்தியில கொஞ்சம் ரத்தம், வேற ஒண்ணும் இல்ல. நடக்கறாரு."

"முனுசாமி?" என்றேன்.

"அவரு இன்னும் வரல." சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

தம்பிமார்களே, என் வாழ்நாளில் பெரிய மனிதர் பலரைப் பார்த்திருக்கிறேன். தன் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில், தன் கூரைமேல் உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன் தவிப்பானே என்று அந்த இடத்தை விட்டு ஓடி வந்தாளே, அவளைப்போல் ஒருவரைப் பார்த்ததில்லை. அவள் போன பிறகு நான் வாய்விட்டு அழுதேன். காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வெட்கமில்லை.

மேஸ்திரி வடத்தோடு வந்து சேர்ந்தார். உதறல் வந்தபோது அவர் கம்பெனி ஸ்டோரில் இருந்திருக்கிறார். ஸ்டோர் துரை நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கல்லுக்குப் பதில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொன்னதும், அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் வண்டியையும் இரண்டு ஆட்களையும் கொடுத்தனுப்பினார். அவருக்கும் ஒரு கும்பிடு. எதிரே ஓடும் ஜனங்களை விலக்கிக்கொண்டு வந்த மேஸ்திரி, கூரை போயிருக்கும் என்றுதான் நினைத்து வந்திருக்கிறார். அண்ணாந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரும் எறங்கலியா?"

"நீங்கதானே மேஸ்திரி கேட்டுட்டு ஏறச் சொன்னீங்க" என்றேன்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "வடத்தப் புடி ணா" என்றார்.

புரியைப் பிரித்து, கூரையின் குறுக்கே வீசி, இரண்டு பக்கமும் இரும்பு முளையில் இழுத்துக் கட்டினோம். ஒரு முனையை யார் பிடித்து இழுத்தது தெரியுமா? நெற்றியில் துணி சுற்றிய ஏழுமலை. வீட்டுக்குப் போடா என்று திட்டினேன், போகவில்லை. கட்டி முடித்த வீட்டிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். மச்சானும் அப்பாவும் மேலே வந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. நான் கடைசிக் கட்டு விழும்வரை அஞ்சலை வீட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட இறங்க மனம் வரவில்லை. மேஸ்திரி இறங்கச் சொன்னார். கொஞ்ச நேரம் என்றேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சந்து முனையில் அவர்கள் தெரிந்தார்கள். முனுசாமி ஒரு கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் கல்மாவு பூசி, நொண்டி நொண்டி வந்தான். பிள்ளை இப்போது அவன் தோளில். அஞ்சலை வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப எறங்கு ணா. ஊட்டுக்காரரு வந்துட்டாரு."

இறங்கினேன். கால் இரண்டும் மரத்துப்போய், ஏணியின் கடைசிப் படியில் தடுமாறி விழப் போனவனை முனுசாமிதான் நல்ல கையால் பிடித்தான். அன்று எல்லாருக்கும் அப்படி முடியவில்லை. அடுத்த லைனில் அழுகைச் சத்தம் கேட்டது. நாங்கள் அங்கேயும் போய் நின்றோம். மறுநாளிலிருந்து அந்த லைனிலும் கல்லை இறக்கினோம். யாரும் ஏணிக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அந்தக் காவல் கல்லை அஞ்சலை தூக்கி எறியவில்லை. ஒரு கல்தச்சனைப் பிடித்துக் கொத்தி அம்மியாக்கிக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால், "உன் எடத்துல இருந்தவரு இப்ப மொளகா அரைக்கறாரு ணா" என்பாள். மேஸ்திரி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கல்லறையில் பெயர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்த யாரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்கவும் தோன்றவில்லை. மேஸ்திரி என்றே சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவேன்.

இப்போது நானும் தகரத்துக்குக் கீழே படுத்திருக்கிறவன். இந்த ஆடியில் ஒரு மத்தியானம், கண் அசந்துகொண்டிருந்தபோது, சுவரில் ஏணி சாயும் சத்தம் கேட்டது. என் வீட்டு வடத்தை முடுக்க உங்களில் யாரோ வந்திருந்தீர்கள். யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஏணியில் கால் வைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. வாசலில் ஒரு குரல் வந்தது.

"உள்ள யாரு கீறாங்க?"

பாயில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"தூங்கறீங்களா தாத்தா? அப்பால வரட்டுமா?"

"இல்ல நைனா, ஏறு. நான் முழிச்சிக்கினுதான் கீறேன்."